கல்லூரி ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி? ஒரு மாத வகுப்பு, ஒரு வார எஃப்.டி.பி., இணையப் பாடம், பக்கத்து அறைச் சக ஆசிரியர்

பிளஸ் டூ மாணவனுக்கு வேதியியல் நடத்த முதுகலைப் பட்டத்தோடு பி.எட்.டும் வேண்டும். அந்த பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு. அதே மாணவன் பொதுத்தேர்வு எழுதி முடித்து, கோடை கழிந்து பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தால், அவனுக்குப் பாடம் நடத்த வருபவர் ஒரு நாள்கூடக் கற்பித்தல் பயிற்சி பெற்றிருக்க வேண்டியதில்லை. நெட், செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும். யார் எப்படி நடத்தினாலும் கற்றுக்கொள்ளும் வல்லமை அந்த விடுமுறையில் அவனுக்கு வந்துவிடுகிறது போலும்.

ஆகவே கல்லூரி ஆசிரியருக்குக் கற்பித்தல் பயிற்சி என்று ஒன்று கிடைத்தால், அது வேலையில் சேர்ந்த பிறகுதான். சேர்ந்த வாரமே கையில் கால அட்டவணை வந்துவிடும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் பதினாறு மணி நேரம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதி சொல்கிறது, சுயநிதிக் கல்லூரிகளில் அதற்கு மேலும் போகும். உள்மதிப்பீட்டுத் தேர்வு, கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச் சான்று தரும் நாக் அமைப்புக்கான கோப்புகள், மாணவர் சேர்க்கைப் பணி என்று மற்றவை பின்னாலேயே வரும். இவற்றுக்கு நடுவில்தான் எந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது என்ற கேள்வி எழுகிறது. அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுவரொட்டி விழாத நாளே கிடையாது.

தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரியிலோ பொறியியல் கல்லூரியிலோ அண்மையில் சேர்ந்த ஒருவர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு. என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சொந்த வகுப்பில் எதையாவது மாற்றிச் செய்யவைத்து, செய்ததை இன்னொருவர் பார்த்துப் பேசவும் வழி செய்தால்தான் நான் அதைப் பயிற்சி என்பேன். மற்றதெல்லாம் சான்றிதழ். சான்றிதழும் வேண்டியதுதான், பதவி உயர்வு அதில் தொங்குகிறது. ஆனால் ஒன்றைப் பெற்றுவிட்டு மற்றதும் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

விதி என்ன கேட்கிறது

யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, உதவிப் பேராசிரியர் ஊதிய நிலை 10லிருந்து 11க்குப் போக முனைவர் பட்டம் உள்ளவருக்கு நான்கு ஆண்டுப் பணி, எம்.ஃபில். உள்ளவருக்கு ஐந்து, இரண்டும் இல்லாதவருக்கு ஆறு ஆண்டு வேண்டும். இதோடு, கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியண்டேஷன் ஒன்றை முடித்திருக்க வேண்டும். இதற்கு மாற்று இல்லை. இன்னொன்றும் வேண்டும். அது பாட அறிவைப் புதுப்பிக்கும் ஒரு ரெஃப்ரெஷராக இருக்கலாம், ஆய்வு முறையியல் வகுப்பாக இருக்கலாம், குறைந்தது ஐந்து நாள் நடக்கும் பயிலரங்கமாகவோ ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியான எஃப்.டி.பி.யாகவோ இருக்கலாம், சான்றிதழோடு முடித்த இணையப் பாடமாகவும் இருக்கலாம். 11லிருந்து 12க்குப் போகும்போது இப்படிப்பட்டவற்றில் இரண்டு. அங்கே ஒவ்வொன்றும் குறைந்தது பத்து நாள் நடந்ததாக இருக்க வேண்டும். பத்து நாள் வகுப்பு கிடைக்காவிட்டால் ஐந்து நாள் வகுப்புகள் இரண்டைச் சேர்த்து ஒன்றாகக் காட்டலாம்.

இந்த ஒழுங்குமுறையை மாற்றும் வரைவை 2025 ஜனவரியில் யு.ஜி.சி. வெளியிட்டது, தமிழ்நாடு அதை எதிர்த்தது. விண்ணப்பிக்கும் நாளில் உங்களுக்குப் பொருந்தும் விதி எது என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி முடித்த தேதி மதிப்பீட்டுக் காலத்துக்குள் விழுகிறதா என்பதையும் பாருங்கள். நல்ல பயிற்சியை முடித்துவிட்டுத் தேதிக் கணக்கில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு.

இந்தக் கணக்கெல்லாம் அரசுக் கல்லூரிக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிக்கும்தான். சுயநிதிப் பிரிவில் இருப்பவருக்கு நிலை 11 என்பது பெரும்பாலும் தாளில் படிக்கும் செய்தி. அவருக்குச் சான்றிதழின் பயன் வேறு. நிர்வாகம் நாக் குழுவுக்குக் காட்டும் பட்டியலில் ஒரு வரி கூடும். வேறு கல்லூரிக்கு நேர்காணல் போகும்போது கோப்பு சற்றுக் கனமாக இருக்கும்.

ஒரு மாத வகுப்பு

1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்துதான் பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்ற பெயரில் ஆசிரியர் பயிற்சி மையங்கள் தொடங்கப்பட்டன. 2015 வாக்கில் அவை மனிதவள மேம்பாட்டு மையங்களாயின. 2023 செப்டம்பர் 5 அன்று மாளவியா மிஷன் என்ற ஆசிரியர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது மறுபடியும் பெயர் மாறி, நாடெங்கும் 111 மையங்கள் என்று அறிவிக்கப்பட்டது. பெயர்ப்பலகை எழுதுபவருக்குத்தான் நல்ல வேலை. மூத்த பேராசிரியர்கள் இன்னமும் 'ஸ்டாஃப் காலேஜ்' என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இப்படிப்பட்ட மையங்கள் உண்டு.

பழைய ஓரியண்டேஷன் நான்கு வாரம் நடந்தது. 2019இல் யு.ஜி.சி. 'குரு தக்ஷதா' என்ற வழிகாட்டியை வெளியிட்டு, அந்த ஓரியண்டேஷனின் இடத்தில், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கான ஒரு மாத அறிமுகப் பயிற்சிக்கு வடிவம் கொடுத்தது. பாடத்திட்டம் வகுத்தல், கற்பித்தல் முறைகள், மதிப்பீடு, தொழில்நுட்பம், ஆய்வு நெறி, நிர்வாக விதிகள் என்று எல்லாம் அதில் உண்டு. நல்ல ஒருங்கிணைப்பாளர் கையில் கிடைத்தால் இந்த ஒரு மாதம் வீண் போகாது.

நேரடியாக நடக்கும் மாத வகுப்பில் எனக்குப் பிடித்த பகுதி நுண்கற்பித்தல். 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்காக உருவான முறை இது. ஏழெட்டு நிமிடத்தில் ஒரே ஒரு கருத்தை நடத்த வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வேறு துறைக்காரர்கள். குவாண்டம் இயக்கவியலைத் தமிழ்த் துறைக்காரரிடமும் வணிகவியல்காரரிடமும் விளக்கப் புறப்படும் இயற்பியல் ஆசிரியர், இரண்டாவது நிமிடத்திலேயே எங்கே கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம் என்பதைக் கண்டுகொள்வார். சிலப்பதிகாரத்தை நடத்தும் தமிழாசிரியருக்கு, அரங்கேற்று காதையை இயந்திரவியல்காரர் என்ன கேள்வி கேட்டு மடக்குகிறார் என்பது புதுப் பாடம். சொந்தத் துறையில் இந்தக் கேள்விகளை ஒருவரும் கேட்க மாட்டார்கள். எல்லாரும் அங்கே தெரிந்தவர்கள்.

குறை என்னவென்றால், பெரும்பாலான அமர்வுகள் சொற்பொழிவுகளே. மாணவர் பங்கேற்போடு எப்படி நடத்துவது என்பதை ஒன்றரை மணி நேரம் மூச்சுவிடாமல் தனியொருவராகப் பேசி விளக்கும் அறிஞர்களை இந்த மையங்களுக்கு வந்த எவரும் மறக்க முடியாது. இன்னொரு குறை அமைப்பிலேயே இருக்கிறது. கற்றதைச் செய்து பார்க்க உங்கள் மாணவர்கள் அங்கே இல்லை. திரும்பி வரும்போது பாக்கி நிற்கும் பாடப் பகுதிகள் வாசலிலேயே காத்திருக்கும். புதிய முறையாவது ஒன்றாவது என்று பழையபடி குறிப்பு சொல்லி எழுதவைக்கத் தொடங்கிவிடுவோம்.

2020க்குப் பிறகு இந்த வகுப்புகளில் பல இணையவழிக்கு மாறிவிட்டன. இதனால் ஒரு நன்மை: கைக்குழந்தை உள்ள ஆசிரியைக்கும், ஒரு மாதம் விடுவிக்க மறுக்கும் முதல்வரிடம் மாட்டிக்கொண்டவருக்கும் வழி பிறந்தது. தில்லி ராமானுஜன் கல்லூரியின் கற்பித்தல் கற்றல் மையம் போன்றவை நடத்தும் இணையவழி வகுப்பில் தென்கோடி ஆசிரியரும் சேர முடிகிறது. ஆனால் இழப்பு பெரிது. விடுதிச் சாப்பாட்டு மேசையில் வேறு கல்லூரிக்காரர் 'எங்கள் ஊரில் உள்மதிப்பீட்டை இப்படித்தான் போடுகிறோம்' என்று சொல்வதைக் கேட்டு வரும் தெளிவு, ஜூம் திரையில் வராது. வீட்டிலிருந்து கேட்கும் வகுப்பில் நுண்கற்பித்தலும் பெயருக்குத்தான். ஆகவே உடல்நிலையும் குடும்பமும் இடம் கொடுத்தால் நேரடி வகுப்பையே பிடியுங்கள். அறிவிப்பில் எந்த முறையில் நடக்கிறது என்று போட்டிருக்கும். தேதியைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

எப்போது போவது என்பதிலும் ஒரு கருத்து உண்டு. சேர்ந்த உடனே போக வேண்டாம். பதவி உயர்வு நெருங்கும் நான்காம் ஆண்டில் அலறியடித்துக்கொண்டும் போக வேண்டாம். இரண்டு செமஸ்டர் நடத்தி, எங்கே உதைக்கிறது என்று தெரிந்த பிறகு போனால் கேட்கக் கேள்விகள் இருக்கும். செமஸ்டர் விடுமுறையில் வரும் வகுப்பாகப் பார்த்தால் உங்கள் பாடவேளைகளைத் தலையில் சுமக்கும் சக ஆசிரியரின் சாபமும் இராது.

ஒரு வார எஃப்.டி.பி.

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து நாள், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று அமர்வு, இணையவழி. கேமரா அணைந்திருக்கும். அமர்வின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் வருகைப் பதிவுக்கான கூகுள் படிவத்தின் இணைப்பு அரட்டைப் பெட்டியில் விழும். விழுந்த அடுத்த நொடி வாட்ஸ்அப் குழுவிலும் விழும். அதுவரை வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரும் உள்மதிப்பீட்டுத் தாள் திருத்திக்கொண்டிருந்தவரும் அந்த ஒரு நிமிடம் மாணவராகிவிடுவார்கள். கடைசி நாளில் பத்துக் கேள்வி வினாடி வினா, மறுவாரம் வண்ணச் சான்றிதழ்.

விதிவிலக்குகள் உண்டு. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அடல் அகாடமி வகுப்புகளில் வருகை விழுக்காடும் தேர்வு மதிப்பெண்ணும் நிபந்தனையாக இருப்பதால் பெயருக்கு உட்கார்ந்துவிட்டு வர முடியாது. அண்ணா பல்கலைக்கழக இணைவுக் கல்லூரிகளில் ஒரு குறிப்பிட்ட பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கென்றே நடக்கும் பயிற்சிகளும் பயனுள்ளவை. புதிய பாடத்திட்டத்தில் ஒரு தாள் திடீரென்று தலையில் விழும்போது, அதே தாளை நடத்தப்போகும் இன்னும் முப்பது பேரோடு ஒரு வாரம் உட்காருவது நேரடியாகக் கைகொடுக்கும். என் அளவுகோல் எளிது: வகுப்பின் தலைப்பில் உங்கள் தாளின் பெயர் இருந்தால் போங்கள். 'இருபத்தொன்றாம் நூற்றாண்டுச் சவால்கள்' என்று இருந்தால் சான்றிதழ் தேவைப்படும்போது மட்டும் போங்கள்.

இணையப் பாடம்

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கேட்கக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்திர ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். அதில் ஆசிரியர்களுக்கான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பட்டியலில் உள்ள பாடமானால் எட்டு வாரப் பாடத்தை ஒரு வார எஃப்.டி.பி.க்கும், பன்னிரண்டு வாரப் பாடத்தை ஒன்றரை வாரத்துக்கும் சமமாக ஏ.ஐ.சி.டி.இ. ஏற்கிறது. ஒரு வாரம் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்தாலும் அதே கணக்கு, எட்டு வாரம் ஒப்படைப்பு எழுதித் தேர்வு மையத்துக்குப் போய் வந்தாலும் அதே கணக்கு என்பது உழைப்பவருக்கு அநீதிதான். இருந்தாலும் சொல்கிறேன், எட்டு வாரத்தில் படித்தது மனதில் நிற்கும். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிரியரே தேர்வறையில் போய் உட்காருவதிலும் ஒரு கல்வி இருக்கிறது. வினாத்தாளின் மொழி எவ்வளவு குழப்பும் என்பது அங்கேதான் உறைக்கும்.

உயர்கல்வி ஆசிரியர்களுக்கு 2018 நவம்பரில் அர்பித் என்ற திட்டம் தொடங்கியது. ஸ்வயம் என்ற அரசின் இணையப் பாடத் தளத்தில் 40 மணி நேரப் பாடம், அதில் பாதி காணொளி. முடிவில் தேசியத் தேர்வு முகமை நடத்தும் தேர்வு. தேறினால் பணி மேம்பாட்டில் ஒரு ரெஃப்ரெஷராகக் கொள்ளப்படும் என்று யு.ஜி.சி. அறிவித்தது. ரெஃப்ரெஷர் நிபந்தனைக்கு இப்படி இணையப் பாடத்தை எடுத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். பாட அறிவைப் புதுப்பிக்க ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை. கற்பிக்கும் திறன் அப்படியல்ல. அது ஒருவர் முன்னால் செய்து காட்டித் திருத்திக்கொள்ள வேண்டியது.

பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. தனிப் பாதை போட்டிருக்கிறது. எட்டுத் தொகுதிகள் கொண்ட இணையப் பயிற்சி. பாடம் திட்டமிடல், மாணவர் மதிப்பீடு, தொடர்புத் திறன், நிறுவன நிர்வாகம் என்று விரியும். அதன் பிறகு ஒரு மாதத் தொழிற்சாலைப் பயிற்சி. அதோடு ஒரு மூத்த ஆசிரியரின் வழிகாட்டலில் கற்பித்தல். இந்த வடிவம் காகிதத்தில் நம்மிடம் உள்ளவற்றிலேயே சிறந்தது. எட்டுத் தொகுதியைப் பலரும் முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அதற்குத் தேர்வும் சான்றிதழும் உண்டு. வழிகாட்டி ஆசிரியர் என்பதோ பல கல்லூரிகளில் ஒரு கையெழுத்தோடு நின்றுவிடுகிறது. பொறியியல் ஆசிரியராக இருந்தால் அந்தக் கையெழுத்தைப் போடப்போகிறவர் உங்கள் வகுப்புக்கு ஒரு முறையாவது வந்து உட்காரும்படி செய்யுங்கள். சென்னைத் தரமணியில் 1964 முதல் இயங்கும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் நேரடி வகுப்புகளும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன; ஆய்வகம் நடத்துவது, வினாத்தாள் அமைப்பது போன்ற கைவேலைகளுக்கு அங்கே போகலாம்.

இக்னோவின் உயர்கல்விப் பட்டயப் படிப்பையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். தொலைநிலைப் படிப்பு, உயர்கல்விக் கற்பித்தல், மாணவர் உளவியல், திட்டமிடல், நிர்வாகம் ஆகியவற்றோடு செய்முறைப் பகுதியும் உண்டு. குறைந்தது ஓராண்டு. கல்வியியலில் உண்மையான ஆர்வம் இருப்பவருக்கு ஏற்றது. மற்றவர் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடுவார்.

பக்கத்து அறைச் சக ஆசிரியர்

இப்போது சான்றிதழே தராத வழிக்கு வருகிறேன். நாக் மதிப்பீட்டில் பயிற்சிகளுக்குப் போய்வந்த ஆசிரியர்களின் விழுக்காடு கேட்கப்படுகிறது. சக ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் விழுக்காட்டை யாரும் கேட்பதில்லை. அதனால் யாரும் உட்காருவதும் இல்லை.

ஒரு பி.காம். இரண்டாம் ஆண்டு வகுப்பை எடுத்துக்கொள்வோம். அடக்க விலைக் கணக்கியல். லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற சமநிலைப் புள்ளி. நிலையான செலவு 60,000 ரூபாய், ஒரு பொருளின் விற்பனை விலை 50, மாறும் செலவு 30. எத்தனை பொருள் விற்றால் கை கடிக்காது? ஆசிரியர் சூத்திரத்தைப் பலகையில் எழுதி 3,000 என்று விடை காட்டுகிறார். பின் பெஞ்சில் வேறு துறையைச் சேர்ந்த சக ஆசிரியர் ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்: நேரம், ஆசிரியர் செய்வது, மாணவர்கள் செய்வது. அவருக்குக் கணக்கியல் தெரிய வேண்டியதில்லை. தெரியாவிட்டால் இன்னும் நல்லது.

தாளில் விழுவது இப்படி இருக்கும். 10.05, ஆசிரியர் எழுதுகிறார், எல்லாரும் பார்த்து எழுதுகிறார்கள். 10.18, 'புரிந்ததா?' என்கிறார். முன் வரிசையில் மூன்று பேர் 'புரிந்தது சார்' என்கிறார்கள். 10.18, அதே நிமிடத்தில் அடுத்த கணக்கு. இடது பக்கக் கடைசி இரண்டு வரிசைகளை ஆசிரியர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஒரு கேள்விக்கும் அதற்கான விடையை ஆசிரியரே சொல்லிவிடுவதற்கும் இடையில் ஒரு விநாடி.

அந்த ஒரு விநாடி நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் பள்ளி வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடியே என்று எழுபதுகளில் எழுதினார். மூன்று விநாடியாவது காத்திருந்தபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். இதை எந்த எஃப்.டி.பி.யிலும் ஒரு ஸ்லைடில் போட்டுக் காட்டிவிடலாம். கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போவார். தன் வகுப்பில் தானே ஒரு விநாடிதான் நின்றோம் என்று பெயர் தெரிந்த ஒருவர் தாளில் குறித்துக் காட்டும்போதுதான் மாற்றம் வரும்.

வகுப்பு முடிந்து காபி குடிக்கும்போது அந்தத் தாளை அப்படியே நீட்டினால் போதும். 'நன்றாக நடத்தினீர்கள்' என்றோ 'இன்னும் கலகலப்பாக நடத்தலாம்' என்றோ எந்தத் தீர்ப்பும் வேண்டாம். பார்த்தவர் எழுதியதைப் படித்தால் நடத்தியவருக்கே அடுத்த வகுப்பில் என்ன செய்வது என்று தோன்றும். 'புரிந்ததா?' என்பதற்குப் பதிலாக, வாடகை பத்தாயிரம் கூடிவிட்டது, கணக்குப் போடாமல் சொல்லுங்கள், அந்த 3,000 கூடுமா குறையுமா, ஏன் என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லிப் பார்க்கலாம். 'புரிந்தது சார்' என்ற மூவரில் எத்தனை பேர் சூத்திரத்தை மட்டும் பிடித்துவைத்திருந்தார்கள் என்பது அப்போது வெளிச்சமாகும். 3,500 என்ற விடையைவிட அந்த 'ஏன்' முக்கியம்.

இப்படிச் செய்வதற்குச் செலவு சில பாடவேளைகள். செமஸ்டருக்கு மூன்று முறை ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார்ந்தால் போதும். ஆனால் ஒரு நிபந்தனையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தத் தாள் நடத்தியவருக்குச் சொந்தம். துறைத் தலைவர் மேசைக்கோ முதல்வர் அறைக்கோ உள்தர உறுதிக் குழுவின் கோப்புக்கோ அது போகக் கூடாது. வகுப்பறையில் சி.சி.டி.வி. வைத்து, முதல்வர் அறையிலிருந்து ஆசிரியரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிர்வாகங்கள் உள்ள ஊர் இது. கற்றுக்கொள்வதற்காகச் செய்யும் பார்வை ஒரு நாள் மெமோவாக மாறினால், அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். இதே காரணத்தால், பதவியில் மேலே இருப்பவரை அழைக்காமல் சம நிலையில் இருப்பவரை அழைப்பதே பாதுகாப்பானது.

வேறு நாடுகளில் இந்தப் பார்வையும் சான்றிதழும் ஒன்றாகவே கட்டப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் 1997இல் வந்த டியரிங் குழு அறிக்கை, புதிய விரிவுரையாளர்கள் தகுதிகாண் பருவத்திலேயே கற்பித்தலுக்கான அங்கீகாரம் பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று அங்கே நான்கு படிநிலை கொண்ட ஃபெலோஷிப் என்ற அங்கீகார முறை இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே, தான் நடத்தும் வகுப்பையே பொருளாக வைத்து, எதை மாற்றினேன், ஏன், என்ன நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பணியாளர் விருத்தி நிலையம் 1997இல் தொடங்கியது. பின்னர் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பட்ட நிலையங்கள் வந்தன. அங்கே தகுதிகாண் விரிவுரையாளர் பணியில் உறுதிப்படுத்தப்பட உயர்கல்விக் கற்பித்தல் சான்றிதழ் வகுப்பை முடித்திருக்க வேண்டும். நம்மிடம் பயிற்சி பதவி உயர்வோடு கட்டப்பட்டிருக்கிறது, அங்கே வேலையில் நிலைப்பதோடு. இதனால் அங்கே பயிற்சி முதல் ஆண்டுகளிலேயே நடந்துவிடுகிறது.

பயிற்சியால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கிரஹாம் கிப்ஸ், மார்ட்டின் காஃபி இருவரும் எட்டு நாடுகளில் 22 பல்கலைக்கழகங்களின் புதிய ஆசிரியர்களைப் பின்தொடர்ந்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களைப் பற்றிய மாணவர் மதிப்பீடு உயர்ந்தது. தான் பேசுவதை மையமாகக் கொண்டிருந்தவர்கள் மாணவர் கற்பதை மையமாகக் கொள்ளும் பக்கம் நகர்ந்தார்கள். பயிற்சியே இல்லாத ஒப்பீட்டுக் குழு அப்படியே நின்றது, சிலவற்றில் பின்னுக்கும் போனது. அனுபவம் தானாகக் கற்றுக்கொடுத்துவிடும் என்று நம் மூத்தவர்கள் சொல்வதற்கு அந்த ஆய்வு துணை நிற்கவில்லை. அதில் இடம்பெற்ற பயிற்சிகள் மாதக்கணக்கில், வேலையோடு வேலையாக நடந்தவை என்பதையும் கவனிக்க வேண்டும். ஐந்து நாள் கூகுள் படிவத்துக்கு இந்த முடிவை மேற்கோள் காட்ட முடியாது.

யார் எதை எடுக்கலாம்

அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் நிலையான பணியில் சேர்ந்தவர், இரண்டாம் ஆண்டின் விடுமுறையில் வரும் நேரடி ஒரு மாத வகுப்புக்கு விண்ணப்பிக்கட்டும். இரண்டாவது நிபந்தனைக்குத் தன் பாடத்தில் ஒரு பன்னிரண்டு வார இணையப் பாடத்தை எடுத்துத் தேர்வெழுதட்டும். இந்த இரண்டிலும் நிலை 11 வரையிலான பயிற்சிக் கணக்கு முடிந்துவிடும். பிறகு ஆண்டுக்கு நான்கு எஃப்.டி.பி. என்று ஓட வேண்டியதில்லை. அந்த நேரத்தைப் பக்கத்து அறை வகுப்புக்குக் கொடுக்கலாம். மாத வகுப்புக்குப் போகும்போது, அடுத்த செமஸ்டரில் நடத்தப்போகும் ஒரு தாளின் பாடத்திட்டத்தைக் கையோடு கொண்டு போங்கள். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் அதில் ஒரு அலகையாவது திருத்தி எழுதுங்கள். ஊர் திரும்பும்போது திருத்திய தாள் கையில் இருந்தால், பாக்கிப் பாடங்கள் எவ்வளவு துரத்தினாலும் ஓர் அலகாவது புதிய முறையில் நடக்கும்.

பொறியியல் ஆசிரியருக்கு எட்டுத் தொகுதியில் தேர்வு செய்ய ஒன்றுமில்லை, முடித்தாக வேண்டும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஓட்டாமல், செமஸ்டருக்கு இரண்டு என்று வைத்து, மதிப்பீட்டுத் தொகுதியை முதலில் எடுங்கள். வினாத்தாள் அமைப்பதில் வரும் மாற்றம் உடனே கண்ணில் படும். தொழிற்சாலைப் பயிற்சிக்கு இடம் தேடும் வேலையைக் கல்லூரியிடம் விட்டுவிட்டுக் காத்திருக்காமல், உங்கள் பழைய மாணவர்கள் வேலை பார்க்கும் இடங்களில் கேளுங்கள். அங்கேதான் கதவு சீக்கிரம் திறக்கும்.

சுயநிதிப் பிரிவில் இருப்பவர்களும் அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களும்தான் உண்மையில் கைவிடப்பட்டவர்கள். பல கல்லூரிகளில் வகுப்பறைச் சுமையின் பெரும் பங்கை இவர்கள் சுமக்கிறார்கள். ஒரு மாதம் விடுவிப்பு கேட்டால் 'போய்விட்டு வாருங்கள், வேலை இருக்கிறதா என்று பார்ப்போம்' என்ற பதில் வரும் நிலையில் நேரடி வகுப்பு இவர்களுக்கு எட்டாது. இவர்களுக்கு என் வரிசை வேறு. தேர்வோடு முடியும் இணையப் பாடம் ஆண்டுக்கு ஒன்று, அதுவும் நேர்காணலில் பெயர் சொன்னால் மதிப்புள்ள நிறுவனத்துடையதாக. மாலையில் நடக்கும் இணையவழி அறிமுகப் பயிற்சி கிடைத்தால் அதையும் முடித்து வைப்பது நல்லது. நிலையான பணி கிடைத்த பிறகு அது கணக்கில் வருமா என்பதை மட்டும் நடத்தும் மையத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பின் பெஞ்சில் உட்கார ஒரு சக ஆசிரியரைத் தேடிக்கொள்வதற்கு எவருடைய விடுவிப்பு ஆணையும் தேவையில்லை. கால அட்டவணையில் இருவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு வராத ஒரு பாடவேளை இருந்தால் போதும். அது ஜூன் முதல் வாரத்தில், அட்டவணை போடுபவரிடம் கேட்க வேண்டிய விஷயம்.